கருவாயன் ஓடாத தூரம்

அத்தியாயம் பதினேழு

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குச் சௌந்திரம் வாய்க்கால் கரையை விட்டு இறங்கியபோது, இருபது கிலோமீட்டர் ஓடிய களைப்பு அவளுக்கு. பின்னால் நொண்டிக்கொண்டு வந்த நாய் கருவாயனுக்கோ இரண்டு கிலோமீட்டர் நடந்த களைப்புத்தான்.

இந்த வித்தியாசம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று சௌந்திரம். இன்னொன்று, வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டாயைப் பார்த்துக்கொள்ளும் ஆராயி. நாயையும் சேர்த்தால் மூன்று.

எட்டு மாதத்துக்கு முன்னால், கல்லூரிப் படிப்பு முடிந்த கையோடு, நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கப் போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது, அப்பா நாச்சிமுத்து முடியாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வயசுப் பெண் இருட்டோடு தனியாக ரோட்டில் ஓடக் கூடாது, கருவாயன் கூட வந்தால் ஓடு, அது வராத நாளில் நீயும் போகக் கூடாது என்று முடித்துவிட்டார். ஊரில் யாராவது கேட்டால் சொல்ல அவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. நாய் அந்தப் பதில்.

முதல் இரண்டு மாதம் கருவாயன் ஓடத்தான் செய்தது. எட்டு வயது நாய். ஓட்டம் சொல்லித் தரும் மயிலம்மாள் டீச்சர் எழுதிக் கொடுத்த பயிற்சி அட்டையில் ஐந்து கிலோமீட்டர் பத்தாக ஏறிய வாரத்தில், ஆராயியின் மோட்டார் கொட்டாய்க்கு எதிரே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டது. அன்றைக்குச் சௌந்திரம் அதைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தாள். மறுநாளிலிருந்து, வீட்டிலிருந்து கொட்டாய் வரை ஒரு கிலோமீட்டர் அதோடு நடப்பாள். அவித்த முட்டை ஒன்றை வைத்து அங்கே படுக்கவிட்டுத் தான் மட்டும் ஓடுவாள். திரும்பும்போது கூட்டிக்கொண்டு வருவாள். அட்டையில் பத்து பதினைந்தாகி, பதினைந்து இருபதானது. வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆனால் நாச்சிமுத்து ஊரெல்லாம் சொன்னார். நாமக்கல் முட்டை மண்டியில், லாரி செட்டில், டீக்கடையில், எங்க நாய் தினம் இருபது கிலோமீட்டர் ஓடுதுங்க என்று சொல்லிச் சொல்லி வாய் நிறைந்தது அவருக்கு. போன மாதம் ஒருவர் அந்த நாயைப் பார்ப்பதற்கென்றே அவருடைய கோழிப் பண்ணைக்கு வந்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் தேர்வு ஓட்டம். முதல் மூன்று பேருக்குள் வந்தால் மாநில அணி. அணியில் சேர்ந்தால் ரயில்வே வேலைக்கு மனுப் போடலாம், இந்தப் பண்ணைக் கேட்டைத் தாண்டித் தன் காலில் நிற்கலாம். அதற்கு அழைப்புக் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. போகலாம் என்று அப்பா இன்னும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குள் வந்தாலும் உட்கார முடியாது. அம்மா சென்னியம்மாளின் பரிவாரம் காத்திருக்கும். தாய் செத்த ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால், முட்டை அட்டையில் நான்கு குட்டி போட்டு வைத்திருக்கும் வெள்ளைப் பூனைக்குப் பால்சோறு, கூண்டு மைனாவுக்கு வாழைப்பழம், கருவாயனுக்கு உடைந்த முட்டையை அவித்துப் பிசைந்த ராகிக் களி. இத்தனையும் ஆன பிறகுதான் அவளுக்கு. ஓடிக்கொள், ஆனால் வீட்டு ஜீவன் ஒன்றும் பட்டினி கிடக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஓடி வந்ததும் அரைமணி நேரம் காலைச் சுவரில் தூக்கிவைத்துப் படுக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். ஒரு நாள் படுத்துப் பார்த்தாள். ஆட்டுக்குட்டி வயிற்றின் மேல் ஏறி நின்றது. பூனை அவள் ஷூவின் கயிற்றைக் கடித்துத் துண்டாக்கியது.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கென்று மூடி வைத்திருந்த இரண்டு முட்டையும் காணோம். பூனை மீசையை நக்கிக்கொண்டிருந்தது. குட்டி போட்ட உடம்பு, பசிக்காதா என்று சென்னியம்மாள் அதற்குப் பரிந்து பேசினாள். ஓடி வந்த உடம்புக்குப் பசிக்காதா என்று சௌந்திரம் கேட்டாள். அம்மாவின் கண் நாயின் மேல் இருந்தது.

"நேத்தைக்கு விட இன்னைக்கு எச்சா நொண்டுது."

"முள்ளு ஏதாச்சும் ஏறியிருக்கும்மா. வந்து பாக்கறேன்."

"இருபது கிலோமீட்டரு ஓட்டிப்போட்டு முள்ளுங்கறே. அதுக்குப் பேசத் தெரிஞ்சா உன்னைய என்ன கேக்கும்?"

சௌந்திரம் சொல்ல வாயெடுத்தாள். டைப்ரைட்டிங் வகுப்புக்கு பஸ் வரும் நேரமாகியிருந்தது. அந்தச் சாக்கு போதுமானதாக இருந்தது அவளுக்கு. குளித்துக் கிளம்பினாள்.

*

பன்னிரண்டரை மணி பஸ்ஸில் வந்து இறங்கிக் கேட்டைத் திறந்தபோதே மயிர் கருகிய வாடை அடித்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில், சாக்கின் மேல் கருவாயன் கிடந்தது. பின்னந்தொடை இரண்டிலும் விரல் நீளத்துக்கு மூன்று மூன்று கோடுகள். கோடுகளின் மேல் மஞ்சளும் விளக்கெண்ணெயும் பூசியிருந்தது. அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. ஆட்டினால் தொடை இழுத்தது போலிருக்கிறது, நிறுத்திக்கொண்டது.

சென்னியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அழுத முகம்.

"ஆரும்மா பண்ணுனது?"

"சென்றாயண்ணன். நாந்தான் வரச்சொன்னேன்."

சென்றாயன் அந்தப் பக்கத்து மாட்டு வைத்தியர். மாடு நொண்டினால் தொடையில் சூட்டுக்கோல் வைப்பார். தை மாதத்தில் இவர்கள் பசு ஒன்று காலை ஊன்ற முடியாமல் நின்றபோது அவர்தான் வந்து சூடு போட்டார். நாலாம் நாள் பசு நடந்தது. மாட்டுக்குக் கேட்டது நாய்க்குக் கேட்காமலா போகும் என்பது சென்னியம்மாளின் நியாயம். வந்து பார்த்த சென்றாயன், தினம் இருபது கிலோமீட்டர் ஓடுகிற நாய் என்று கேள்விப்பட்டதும் காலைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. ஓடி ஓடி நரம்பு இறுகிப்போச்சு, நாலு காலுக்கும் போட்டால்தான் விட்டுக்கொடுக்கும் என்றிருக்கிறார். ஒரே மூச்சில் நாலுக்கும் போட்டால் நாய் தாங்காதாம். காலையில் பின்னங்கால், சாயங்காலம் பொழுதோடு முன்னங்கால்.

"புடிச்சது ஆரு?"

"நாந்தான். வேற ஆரு புடிச்சாலும் கடிச்சிருக்கும். மடியில தலைய வெச்சிருந்தேன்." சென்னியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சூடு வெக்கறப்பவும் என்ற கைய நக்குச்சு சௌந்திரம்."

சௌந்திரத்துக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாததால் உள்ளே போய் முள்வாங்கியை எடுத்து வந்தாள். நாயின் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தாள். இடது முன்னங்காலில், சதைக்குள் முழுசாகப் புதைந்து, சீழ் கட்டியிருந்தது வேலமுள். பிடித்து இழுத்தாள். அரை விரல் நீளம். அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

சென்னியம்மாள் அதைப் பார்த்தாள். தவறு என்று ஒப்புக்கொள்வாள் என்று சௌந்திரம் நினைத்தாள்.

"முள்ளும் இருந்திருக்குது," என்றாள் சென்னியம்மாள். "அத்தனை தூரம் ஓட்டுனா முள்ளும் ஏறும், நரம்பும் இறுகும். ரெண்டும் உன்னாலதான்."

*

ஒன்றரை மணிக்கு நாச்சிமுத்துவும் மூத்த மகன் சின்னண்ணனும் சாப்பிட வந்தார்கள். சின்னண்ணனுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. அப்பாவை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

சாப்பாட்டின்போதே வழக்கு நடந்தது. சௌந்திரம் முள்ளைக் காட்டி, முன்னங்காலுக்குச் சூடு வேண்டாம் என்றாள். நாச்சிமுத்து முள்ளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்தார். முள் எடுத்தாயிற்று, நல்லது. ஆனால் இந்த நாய் ஓடிய தூரத்துக்கு நரம்பு கெடாமலா இருக்கும்? ஆரம்பித்த வைத்தியத்தைப் பாதியில் விட்டால் காலே விளங்காமல் போகும் என்று சென்றாயன் சொல்லியிருக்கிறார். பொழுதோடு போட்டுவிடலாம்.

பிறகு அவர் குரல் இளகியது. அவளுடைய முகவாட்டத்துக்கு அவர் வேறு காரணம் நினைத்துக்கொண்டார்.

"உன்ற ஓட்டம் நின்னு போகும்னு பாக்கறியா அம்மிணி? சின்னண்ணன் பட்டறையில ஒரு நாய் நிக்குது, சின்ன வயசு. நாளைக்கிருந்து அது கூட வரட்டும். ஞாயித்துக்கெழமை இவனே உன்னைச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போவான். போதுமா?"

எட்டு நாளாக அவள் காத்திருந்த வார்த்தை. சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொல்லிவிட்டார். சின்னண்ணன், பட்டறை நாய் இவளை விட வேகம், அதையே சேலத்துக்கு அனுப்பலாம் என்று சிரித்தான்.

சௌந்திரம் சிரிக்கவில்லை. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, சும்மா இருந்தால் போதும். சும்மா இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சேலம். அதற்கு விலை கருவாயனின் முன்னங்கால் இரண்டு. அந்த நாய் ஓடவே இல்லை, ஓடாத நாய்க்கு எந்த நரம்பு இறுகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் சூட்டுக்கோல் அடுப்புக்குப் போகாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு பண்ணைக் கேட்டும் சாத்தப்படும்.

கை கழுவிவிட்டு அவள் மோட்டார் கொட்டாய்க்கு நடந்தாள்.

ஆராயி மஞ்சள் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக் கால் சேற்றோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதமாகத் தினமும் காலையில் அந்த நாயைப் பார்த்துக்கொண்டவள். சூடு போட்டதைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள். ஆனால் சொல்லிவிடட்டுமா என்று சௌந்திரம் கேட்டபோது நிதானமாகத்தான் பதில் வந்தது.

"சொல்லிப்போட்டா உனக்கு அடுப்படிதான் சாமி. நாய்ப்புண்ணு பதினஞ்சு நாள்ல ஆறிரும். ஞாயித்துக்கெழமை போனாப் போனதுதான்."

"வாயில்லாதது அக்கா அது."

"உனக்கு வாய் இருந்து என்ன பண்ணுனே? ஆறு மாசமா."

சௌந்திரத்துக்கு அவள் மேலும் கோபம் வந்தது. ஆராயி சொன்னது ஒன்றும் புதிதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வாடையை மோந்ததிலிருந்து அவளே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். இன்னொருத்தி வாயில் கேட்டபோது அது கேவலமாக இருந்தது.

*

ஐந்து மணிக்குச் சென்றாயன் வந்தார். தொட்டியடியில் மூன்று கல் கூட்டி, கொட்டாங்கச்சிக் கரியை மூட்டி, சூட்டுக்கோலை உள்ளே செருகினார். நல்ல மனுஷர்தான். நாய்க்கு வலிக்குமே என்று அவரே உச்சுக் கொட்டினார். மாட்டுக்கு வைப்பதில் பாதி நேரம்தான் நாய்க்கு வைப்பேன் என்று சென்னியம்மாளுக்கு ஆறுதல் சொன்னார்.

கருவாயனுக்குத் தெரிந்துவிட்டது. எழப் பார்த்து, பின்கால் மடங்கி விழுந்தது. சென்னியம்மாள் மறுபடியும் அதன் தலையை மடியில் எடுத்தாள். இந்தத் தடவை வாயைத் துணியால் கட்டினார்கள். சின்னண்ணன் இடுப்பை அழுத்திக்கொண்டான். நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்.

"சௌந்திரம், சும்மா நிக்காதே. வந்து முன்னங்காலைப் புடி," என்றான் சின்னண்ணன்.

அவள் உட்கார்ந்து பிடித்தாள். முள் எடுத்த கால். அவள் கைக்குள் அது நடுங்கியது. சென்றாயன் கோலை வெளியே எடுத்து, நுனி சிவந்திருக்கிறதா என்று பார்த்து, போதாது என்று மறுபடி செருகினார்.

"இது ஓடலை," என்றாள் சௌந்திரம்.

யாருக்கும் புரியவில்லை. இனிமேல் ஓடாது, ஓட வேண்டாம், காலை நல்லாப் புடி என்றாள் சென்னியம்மாள்.

"இனிமேல் இல்லீங்கம்மா. இதுவரைக்கும். ஆராயக்கா கொட்டாயிலயே இது படுத்துக்கும். நான் போயிட்டு வந்து கூட்டிட்டு வருவேன். ஓடாத நாய்க்கு எதுக்குச் சூடு?"

சின்னண்ணனின் கை தளர்ந்தது. சென்றாயன் கரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேற்று வீட்டு விஷயத்தில் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாத மனிதரின் பார்வை.

நாச்சிமுத்து இரண்டடி முன்னால் வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமாங்க."

"ஆறு மாசமா நீ தனியா ரோட்டுல ஓடிட்டிருக்கறே."

"ஆமாங்க."

"மண்டியில நாலு பேருகிட்ட நான் சொன்னதெல்லாம்?"

அங்கேதான் அவளுக்குப் பொறுமை விட்டுப்போனது. மகள் தனியாகப் போனதை விட, மண்டியில் தன் பேச்சு பொய்யானதுதான் அவருக்கு முதலில் சுட்டிருக்கிறது. நாயின் காலை மெதுவாகக் கீழே விட்டுவிட்டு அவள் எழுந்து நின்றாள்.

"எங்க நாய் இருபது கிலோமீட்டரு ஓடுதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. ஓடுனது நானுங்கப்பா. இந்த எட்டு மாசத்துல என்ற மவ ஓடறான்னு ஒருத்தருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

அப்பனை எதிர்த்துப் பேசுகிறாயா என்று சின்னண்ணன் எழுந்து வந்தான். நாளைக்குப் பட்டறையில் கேட்டால் நான் என்ன சொல்ல, தனியாகப் போய் என்னென்ன பண்ணினாளோ என்று பேச மாட்டார்களா என்றான். பேசுகிறவனைக் கூட்டி வா, என்னோடு இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு அப்புறம் பேசட்டும் என்றாள் அவள். அவன் கை ஓங்கினான். நாச்சிமுத்து ஒரு பார்வை பார்த்தார். கை இறங்கியது.

சென்னியம்மாள் நாயின் வாய்க்கட்டை அவிழ்த்தாள். தலையைச் சாக்கின் மேல் வைத்தாள். எழுந்து மகளுக்கு நேரே வந்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் மற்ற இருவரின் கோபத்தைப் போல இல்லை.

"காலையில நொண்டுதுன்னு சொன்னேன். அப்பச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா என்னைய ஓட விட்டிருப்பீங்களாம்மா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லலை."

"செரி. நீ சொல்லாததுக்குச் சூடு வாங்குனது அது. புடிச்சுக் குடுத்தது நான்." சென்னியம்மாள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். "இந்தக் கையை நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

சௌந்திரம் குனிந்து, நாயின் தலைக்கடியில் சாக்கைச் சரிசெய்தாள்.

நாச்சிமுத்து தொட்டியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கரியின் மேல் ஊற்றினார். சென்றாயன் ஈரமான கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு, வாரேனுங்க என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தார். அவர் கேட்டைத் தாண்டும் வரை நாச்சிமுத்து காத்திருந்தார்.

"நாளைக்கு இந்தக் கேட்டை நீ தாண்டக் கூடாது. ஞாயித்துக்கெழமையும் இல்லை. அப்புறமும் இல்லை."

அன்றிரவு சென்னியம்மாள் பூனைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் தானே வைத்தாள். மகளிடம் ஒரு வேலையும் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சௌந்திரத்துக்குக் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுக்க நேரம் கிடைத்தது. படுக்கவில்லை. கருவாயனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் தடவினாள். அது அவள் கையையும் நக்கியது. கையை நக்குச்சு என்று அம்மா சொன்னது எவ்வளவு பாரமான வார்த்தை என்று அப்போதுதான் தெரிந்தது.

*

புதன்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு அவள் ஷூவைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

கேட்டுக்குப் பூட்டு இல்லை. கேட்டின் குறுக்கே, இந்தக் கல்தூணுக்கும் அந்தக் கல்தூணுக்கும் நடுவில், கயிற்றுக் கட்டிலைப் போட்டு நாச்சிமுத்து படுத்திருந்தார். தலைமாட்டில் டார்ச் லைட். தூங்கவில்லை.

"எங்க?"

"ஓடறதுக்குங்க."

"ஆரு கூட?"

ஆறு மாதமாக இந்தக் கேள்விக்கு ஒரு நாயைக் காட்டியிருந்தாள்.

"ஆரு கூடவும் இல்லீங்க."

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தாண்டிப் போறதுன்னாப் போ."

பூட்டுப் போட்டிருந்தால் ஏறிக் குதித்திருப்பாள். அது அவருக்குத் தெரியும். படுத்திருக்கிற ஆளைத் தாண்டக் கூடாது, அதிலும் பெற்றவரை, என்று நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து சொல்லி வளர்த்த பெண். அதுவும் அவருக்குத் தெரியும். சட்டம் போட்டுக் கட்டியது போதாதென்று, இப்போது அவள் மரியாதையையே எடுத்து அவள் குறுக்கே போட்டிருந்தார். அவள் கட்டில் வரை வந்து நின்றாள்.

பிறகு திரும்பினாள். வீட்டுக்குள் போகிறாள் என்று நாச்சிமுத்து கண்ணை மூடினார்.

பண்ணைக்குள் இரண்டு கோழிக் கொட்டகை, ஒவ்வொன்றும் இருநூறு அடி நீளம், மூவாயிரம் முட்டைக்கோழி. அந்தக் கொட்டகைகளைச் சுற்றி யாரும் வேகமாக நடக்கக்கூட மாட்டார்கள். தீபாவளிக்கு அந்த வீட்டில் வெடி இல்லை. சின்னண்ணன் மொபெட்டை ரோட்டிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டுதான் வருவான். இருட்டில் கோழி மிரண்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூலையில் குவியும், அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும், தப்பியதும் நாலு நாளைக்கு ஒழுங்காக முட்டை வைக்காது.

சௌந்திரம் முதல் கொட்டகையைச் சுற்றி ஓடத் தொடங்கினாள்.

முதல் சுற்றில் கோழிகள் முனகின. இரண்டாவது சுற்றில் அவள் காலைத் தரையில் அறைந்து ஓடினாள். கொட்டகை முழுவதும் ஒரே சமயத்தில் இறக்கை அடித்துக் கிளம்பியது. பக்கத்துக் கொட்டகை அதைக் கேட்டுத் தானும் சேர்ந்துகொண்டது. கம்பி வலையில் கோழிகள் வந்து மோதுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. நேற்று நாய், இன்றைக்குக் கோழி. இந்த வீட்டு மனிதர்களின் கோபத்துக்கெல்லாம் இவைதான் அகப்படுகின்றன, நானும் அந்த மனிதர்களில் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் நிற்கவில்லை.

நாச்சிமுத்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"நில்லு சௌந்திரம்."

மூன்றாவது சுற்று. சின்னண்ணன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து மறிக்கப் பார்த்தான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போனாள். நூறு அடி துரத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

சென்னியம்மாள் அரிக்கேன் விளக்கோடு வந்தாள். மகளைப் பார்க்கவில்லை. கொட்டகைக் கதவைத் திறந்து உள்ளே போனாள். பா, பா, பா என்று தாழ்ந்த குரலில் கோழிகளோடு பேசிக்கொண்டே மூலையில் குவிந்ததைக் கைகளால் விலக்கிவிடுவது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. உள்ளேயிருந்தே குரல் வந்தது.

"ஏனுங்க, கட்டிலை எடுங்க."

"அவ நிக்கட்டும், எடுக்கறேன்."

"அவ நிக்க மாட்டா. ஆறு மாசமா நிக்காதவ இப்பவா நிப்பா? கோழி சாவுதுங்க. எடுங்க."

நாலாவது சுற்றில் அவள் கேட்டுப் பக்கம் வந்தபோது நாச்சிமுத்து எழுந்து நின்றிருந்தார். கட்டிலின் ஒரு முனையைத் தூக்கி, தரையில் கோடு விழ இழுத்து, ஒரு ஆள் போகிற அளவுக்கு மட்டும் விலக்கினார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"திரும்பி வாரப்ப இது தெறந்திருக்கும்னு நெனச்சுக்காதே."

அவள் ஓட்டத்தை நிறுத்தாமலே அந்த இடைவெளியில் நுழைந்து வெளியே போனாள்.

வீட்டிலிருந்து மோட்டார் கொட்டாய் வரைக்குமான அந்த முதல் கிலோமீட்டரை இந்த ஆறு மாதத்தில் அவள் ஒரு நாளும் ஓடியதில்லை. நாய்க்காக நடந்தே கழித்தாள். அன்றைக்கு ஓடினாள். வாய்க்கால் கரை மேட்டில் ஏறும்போது பின்னால் கேட் மூடுகிற சத்தமும், அதற்குப் பிறகு, அந்தக் கேட்டில் அவள் இதுவரை கேட்டேயிராத ஒரு சங்கிலிச் சத்தமும் கேட்டன.